பிளேடு மழுங்கவில்லை, அடிப்பிடித்திருக்கிறது

கேள்வி: பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொல்லைப்புறத்தில் தகரக் கொட்டகை போட்டுச் சில்லறைத் தச்சுவேலை பார்க்கிறேன். ஏழு அங்குலப் பிளேடு போடும் கை ரம்ப மெஷின் ஒன்று வைத்திருக்கிறேன். போன மழையில் சாய்ந்த வேப்பமரத்தை மில்லில் கொடுத்துப் பலகையாக அறுத்து வாங்கி, திண்ணைக்கு ஒரு பெஞ்சு செய்ய ஆரம்பித்தேன். நாலு அடி அறுப்பதற்குள் புகை வருகிறது. மரத்தில் கருகல் தீற்றல் விழுகிறது. கடைக்காரர், "முனை போச்சு சார், புதுசு போடுங்க" என்கிறார். இரண்டு மாதத்தில் இது மூன்றாவது பிளேடு. பல்லோரத்தில் கருப்பாகப் பிசின் ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு என் மைத்துனர் மண்ணெண்ணெயில் ஊறப்போடச் சொன்னார். ஒரு ராத்திரி முழுக்க ஊறியும் அப்படியே இருக்கிறது. மறுநாள் காலையில் கைதவறி அதன்மேல் சூடான டீயைக் கொட்டிவிட்டேன். அந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுத்த மாதிரி தெரிந்தது. பிளேடு இவ்வளவு சீக்கிரம் மழுங்குமா? மண்ணெண்ணெய்க்கே போகாத பிசினை வேறு எதால் எடுப்பது?

— ஒரு வாசகர், மீன்சுருட்டி

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் மூன்று பேர் பேசுகிறீர்கள். கடைக்காரர் சொன்னது அநேகமாகத் தவறு. மைத்துனர் சொன்னது சரியான வைத்தியம்தான், ஆனால் வேறு மரத்துக்கு. நீங்கள் கைதவறிக் கொட்டிய டீதான் உண்மைக்கு மிக அருகில் வந்திருக்கிறது. அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த 'முனை போச்சு' விவகாரம். புகை வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். நானும் பல வருஷம் அப்படி நினைத்து, நல்ல பிளேடுகளை எடைக்குப் போட்டவன்தான். மழுங்கினாலும் புகை வரும், உண்மை. ஆனால் கூர் அப்படியே இருக்கும்போதும் புகை வரும். ரம்பம் மரத்தை அறுப்பது பல்லின் நுனியால். மரம் புகைவது பெரும்பாலும் பல்லின் பக்கவாட்டால்.

உங்கள் பிளேடைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, விளிம்பைப் பாருங்கள். வட்டத் தகட்டின் கனத்தைவிடப் பல் கொஞ்சம் அகலமாக இருக்கும். பக்கத்துக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நூலிழை இடைவெளிக்குத் தொழிலில் 'கிளியரன்ஸ்' என்று பெயர்: பல் வெட்டிய வழியில் பின்னால் வரும் தகடு மரத்தைத் தொடாமல் ஓட விட்டிருக்கும் இடம். பழைய கை ரம்பத்தில் ஆசாரிகள் பற்களை ஒன்றுவிட்டு ஒன்று வலமும் இடமுமாகச் சாய்த்து வைப்பார்களே, அதுவும் இதே இடைவெளிக்காகத்தான்.

இப்போது பல்லின் இரண்டு பக்கமும், தகட்டின் ஓரத்திலும் பிசின் ஏறுகிறது. விட்ட இடம் தூர்ந்துபோகிறது. தகடு மரத்தை உரசுகிறது. 185 மில்லிமீட்டர் பிளேடு (கடையில் இதையும் ஏழு அங்குலம் என்றே சொல்வார்கள்) நிமிஷத்துக்கு 5,000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு 170 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது என்று கணக்கு. அந்த வேகத்தில் பிசின் பூசிய இரும்பு மரத்தை உரசினால் புகையாமல் என்ன செய்யும்?

சூடு ஏறினால் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. இரும்பு சூட்டில் நீளும். பிளேடின் விளிம்பு நடுப்பகுதியைவிட 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், அதன் சுற்றளவு சுமார் 0.7 மில்லிமீட்டர் நீளப் பார்க்கும். நடுப்பகுதி சூடாகாததால் விட்டுக்கொடுக்காது. நீள இடமில்லாத விளிம்பு பக்கவாட்டில் நெளியும். நெளிந்தால் இன்னும் உரசும். உரசினால் இன்னும் சூடு. உங்கள் பிளேடின் ஓரத்தில் உள்நோக்கிப் போகும் சில கீற்றுகள் இருக்கின்றனவா? அவற்றை அழகுக்காகப் போடவில்லை. விளிம்பு நீளும்போது நெளியாமல் இருக்க விட்ட வழி அது. அதற்குள்ளும் பிசின் அடைத்துக்கொண்டிருக்கும், பாருங்கள்.

ஆக, மழுங்கியதா, அழுக்கேறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடைக் கழற்றி, வெயிலில் பல்லின் நுனியைச் சாய்த்துப் பாருங்கள். கூரான விளிம்பில் வெளிச்சம் நிற்காது. மழுங்கிய விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும். அடுத்து, பல் நுனியைக் கட்டைவிரல் நகத்தின்மேல் அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். நகத்தைச் சீவினால் கூர் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு போனால் இல்லை. மூன்றாவது சாட்சி கொட்டகைத் தரையில் கிடக்கிறது. ரவை மாதிரித் துகள் துகளாக விழுந்தால் பல் வெட்டுகிறது. மைதா மாதிரி விழுந்தால் அது வெட்டவில்லை, தேய்க்கிறது.

இரண்டு மாதம்கூட ஆகாத உங்கள் பிளேடு இந்தச் சோதனையில் தேறிவிடும் என்பது என் ஊகம். காரணம் அதன் பல் இரும்பே அல்ல. நுனியில் பற்றவைத்திருக்கும் சாம்பல் நிற வில்லை டங்ஸ்டன் கார்பைடு. டங்ஸ்டன் உலோகமும் கரியும் சேர்ந்த மிகக் கடினமான பொருள் இது. அதன் பொடியைக் கோபால்ட் என்ற இன்னொரு உலோகத்தால் பிணைத்து, சூளையில் சுட்டு எடுக்கிறார்கள். 1923இல் ஜெர்மனியில் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். பிறகு க்ருப் நிறுவனம் 'விடியா' என்ற பெயரில் விற்றது. 'வைரம் போல' என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களின் சுருக்கம். நம் லேத் பட்டறைகளில் இன்றும் கார்பைடு முனைக்கு 'விடியா' என்றுதான் பெயர். விடியாமூஞ்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உண்மையில் ரொம்ப நாள் உழைக்கிற பல் அது. ஒரு வேப்பமரத்துக்கெல்லாம் மழுங்கிவிடாது. ப்ளைவுட் அறுத்தால் கதை வேறு. அதன் இறுகிய பசை பல்லில் ஒட்டுவதைவிடப் பல்லைத் தேய்ப்பது அதிகம். தேக்கும் அப்படியே, அதில் இருக்கும் சிலிக்கா, அதாவது மணற்சத்து, முனையைத் தின்னும்.

இனி மைத்துனரின் மண்ணெண்ணெய்க்கு வருவோம். அவர்மேல் குற்றமில்லை. குற்றம், சொல்லப்போனால், நம் பாஷையில் இருக்கிறது. மரத்திலிருந்து வடிந்து ஒட்டுவதையெல்லாம் 'பிசின்' என்ற ஒரே சொல்லால் கூப்பிடுகிறோம். ஆனால் வடிகிற பொருள்கள் மூன்று ஜாதி, ஒன்றின் மருந்து மற்றதற்கு ஆகாது.

வேம்பு, கருவேலம், முந்திரி ஆகியவற்றில் வடிவது ஒன்று. சர்க்கரையின் உறவுக்காரப் பொருள் அது; மாவுச்சத்து போல நீண்ட சங்கிலிகளால் ஆனது. தண்ணீர் பட்டால் ஊறும், இளகும். தபால் ஒட்ட நாம் பயன்படுத்திய பழைய கோந்து இந்த ஜாதிதான். பைன் மரத்திலும் குங்கிலிய மரத்திலும் வடிவது வேறு. அது தண்ணீரைத் தீண்டாது. ஸ்பிரிட், டர்பன்டைன், மண்ணெண்ணெய் மாதிரியானவற்றில்தான் இளகும். மூன்றாவது பலாமரத்தின் பால். அதற்கும் தண்ணீர் ஆகாது, எண்ணெய் வேண்டும்.

இது நமக்குத் தெரியாத சங்கதியும் அல்ல. சேத்தியாத்தோப்பு வழியாக உங்கள் ஊரைத் தாண்டிக் கும்பகோணம் போகிற அதே சாலையில்தான் பண்ருட்டியும் இருக்கிறது. அங்கே சாலையோரத்தில் பலாப்பழம் அறுக்கும் அம்மாவைக் கவனியுங்கள். கத்தியிலும் கையிலும் முதலில் எண்ணெய் தடவிக்கொள்வார். தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பாருங்கள் என்றால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார். அதே அம்மாவின் கையில் வேப்பம் பிசின் ஒட்டியிருந்தால் எண்ணெய் தேட மாட்டார், குழாயடிக்குத்தான் போவார். சமையலறையிலும் தோப்பிலும் நமக்கு இருக்கிற இந்தத் தெளிவு, பிளேடைக் கையில் எடுத்ததும் எங்கேயோ போய்விடுகிறது. இரும்பைத் தண்ணீரில் போட்டால் துருப்பிடிக்கும் என்ற பயம் ஒரு காரணமாக இருக்கலாம். அதனால்தான் எந்த மரமானாலும் மண்ணெண்ணெய். உங்கள் மைத்துனர் பேக்கிங் பெட்டிப் பலகை, அதாவது பைன் மரம், நிறைய அறுத்துப் பழகியவரா என்று கேட்டுப் பாருங்கள். அந்த வேலைக்கு அவர் சொன்னது பலிக்கும்.

உங்கள் பிளேடில் இருப்பது பச்சை வேம்பின் சாறும் பிசினும் மரத்தூளும், சூட்டில் வெந்து கருகிய கலவை. இதற்கு இணையான ஒன்று உங்கள் வீட்டில் எப்போதாவது நடந்திருக்கும்: பாயசம் அடிப்பிடித்த பாத்திரம். அதில் யாராவது மண்ணெண்ணெய் ஊற்றுவார்களா? வெந்நீர் ஊற்றி ஊறவிடுவார்கள். உங்கள் டீ செய்த வேலையும் அவ்வளவுதான். தேயிலைக்கு அதில் பங்கில்லை; சூடான தண்ணீருக்குத்தான் பங்கு.

வெறும் வெந்நீரைவிடக் கொஞ்சம் சலவைச் சோடா சேர்த்தால் வேலை சீக்கிரம் முடியும். இட்லி மாவில் போடும் சமையல் சோடாவைச் சொல்லவில்லை. அது இதைவிட மென்மையானது. துணி துவைக்கும் சோடா. அது காரத்தன்மை உள்ளது; கருகி இறுகியதை இளக்கும். பைன் பிசின் ஒட்டியிருந்தாலும் உதவும். அந்தப் பிசினில் இருக்கும் அமிலங்கள் காரத்தோடு சேர்ந்து சோப்பாகவே மாறிவிடும். பார் சோப்பு செய்கிறவர்கள் பைன் பிசினைச் சேர்ப்பது இந்தக் குணத்தை நம்பித்தான். ஆகவே எந்த மரம் என்று தெரியாத பழைய பிளேடு கிடைத்தால், சோடாத் தண்ணீரில் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

செய்முறை எளிது. பிளக்கைப் பிடுங்கியாயிற்றா என்று இரண்டாவது தரமும் பாருங்கள். பிளேடைப் பிடித்திருக்கும் நட்டு, பிளேடு சுழலும் திசையிலேயே திருப்பினால்தான் கழலும். எதிர்ப்பக்கம் திருப்பித் திருப்பி இறுக்கிவிட்டு என்னைத் திட்டாதீர்கள். பிளேடு படுக்கும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டோ எனாமல் தட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியம் வேண்டாம், சோடா அதை அரித்துக் கறுக்கச் செய்யும். ஒரு லிட்டர் சூடான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சோடாவும் பாத்திரம் தேய்க்கும் திரவம் சில துளியும் கலந்து, கால் மணி நேரம் ஊறவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாக, பக்கவாட்டை முக்கியமாக, தேய்த்துவிடுங்கள். தகட்டில் பிடிவாதமாக நிற்பதற்குப் பித்தளைக் கம்பி பிரஷ் போடலாம். சிவப்போ கறுப்போ வழுவழுப்பான பூச்சு இருக்கும் பிளேடானால் அதுவும் வேண்டாம், நைலான் போதும். கரைசல் பழுப்பாக மாறும்போது, இரண்டு பிளேடு வாங்கிய காசு அதில் மிதப்பது போலத் தோன்றும்.

செய்யக்கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். உளி, பிளேடுக் கத்தி, உப்புத்தாள் எதையும் பல் நுனிக்குக் கொண்டுபோகாதீர்கள். கார்பைடு கடினமானது, ஆனால் உடையும் சுபாவம் உள்ளது. கண்ணாடி மாதிரி ஒரு மூலை தெறித்துவிடும். பித்தளைக் குத்துவிளக்குப் பழக்கத்தில் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்க வேண்டாம். பல்லைப் பிணைத்திருக்கும் கோபால்ட்டை அமிலம் அரிக்கும். கழிப்பறை ஆசிட் பற்றி நான் சொல்லவே தேவையில்லை. காஸ்டிக் சோடாவும் வேண்டாம். கையையும் கண்ணையும் கெடுக்கும், பிளேடின் பூச்சையும் உரிக்கும். பெட்ரோல், தின்னர் இரண்டும் தீப்பிடிக்கிற சாமான்கள். மண்ணெண்ணெயில் ஊறிய பிளேடைத் துடைக்காமல் மாட்டுவதும் அப்படியே. மெஷினுக்குள் கார்பன் பிரஷ்ஷில் பொறி பறந்துகொண்டிருக்கிறது, சுற்றிலும் மரத்தூள் கிடக்கிறது.

கழுவியபின்தான் உங்கள் துருப்பயத்துக்கு வேலை. நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, வெயிலில் பத்து நிமிஷம் நிறுத்திவையுங்கள். கீற்றுகளுக்குள் நிற்கும் ஈரம்தான் எதிரி. காய்ந்ததும் தையல் மெஷின் எண்ணெயை ஒரு துளி விட்டு, தடவிய தடயமே தெரியாமல் துடைத்துவிடுங்கள். ஈரப் பிளேடை அப்படியே கருவேலத்தில் ஓட்டினால் மரத்தில் நீலக்கறுப்புக் கறை விழும்; கடுக்காயும் இரும்பும் சேர்ந்து மையாவது போலத்தான் அது. கருகல் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

எண்ணெய் என்றதும் வீட்டில் இருக்கும் நல்லெண்ணெயைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். தோசைக்கல் பழகுவது எப்படி? எண்ணெய் சூட்டில் வெந்து, கறுத்து, உரிக்க முடியாத தோலாகப் படிகிறது. தோசைக்கு அது வரம். பிளேடுக்கு அதுதான் வியாதியே. பலாப்பால் ஒட்டியதை எடுக்க நல்லெண்ணெய் தடவலாம், ஆனால் உடனே சோப்பு போட்டு அந்த எண்ணெயையும் கழுவி எடுத்துவிட வேண்டும்.

மழைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், தகரக் கொட்டகைக்குள் பிளேடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்காமல், நடுவில் செய்தித்தாள் வைத்து ஆணியில் மாட்டுங்கள். இடையில் எதுவும் இல்லாமல் அடுக்கினால் துருவும் பிடிக்கும், பல்லும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.

இவ்வளவும் செய்த பிறகும் புகைந்தால், பிளேடை விட்டுவிட்டு மரத்தைப் பாருங்கள். போன மழையில் சாய்ந்த மரம் என்கிறீர்கள். அது இன்னும் பச்சை. ஓர் அங்குலப் பலகை நிழலில் காற்றாட அடுக்கிக் காய ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. நம் வெயிலில் சற்று முன்னதாகவே காயலாம். பச்சை மரத்தின் ஈரத்தூள், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள குழியில் களி மாதிரி அடைத்துக்கொள்ளும். அந்தக் குழி தூளை வெளியே தள்ளத்தான் இருக்கிறது. அது அடைத்தால் தூளுக்குப் போக்கிடமில்லை. நீளவாக்கில் அறுக்க 24 பல் பிளேடு போதும்; ப்ளைவுட்டுக்கு வாங்கிய 60 பல் பிளேடால் பச்சை வேம்பை நீளவாக்கில் அறுத்தால், கடவுளே வந்து கழுவிக்கொடுத்தாலும் புகையும். பிளேடு பெட்டியில் எண் அச்சிட்டிருக்கும், பாருங்கள். பச்சைப் பலகை அறுபட அறுபட முறுக்கிக்கொண்டு பிளேடைக் கவ்வவும் செய்யும். கவ்வினால் மெஷின் உங்களை நோக்கி உதைக்கும். பிசின் ஏறிய பிளேடில் இந்த ஆபத்து அதிகம். அறுத்த வாயில் ஒரு சின்ன ஆப்பைச் செருகிக்கொண்டே போனால் இதைத் தவிர்க்கலாம். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். வேப்பந்தூள் எரிச்சல் தரும். வாகைத் தூள் தும்மவைத்தே ஓய்த்துவிடும். வாகையைச் சொல்லக் காரணம், பெரம்பலூர்ப் பக்கத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு அந்த மரமும் ஆகிவருகிறது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற சிற்பங்கள் அவை. நீங்களும் ஒருநாள் வாகைத் துண்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நிற்பீர்கள் என்று உங்கள் கடிதத்தின் ஆர்வத்தைப் பார்த்தால் தோன்றுகிறது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவுவது? நாள்கணக்கு வேண்டாம். பல்லின் பக்கத்தில் பழுப்பு தெரிந்ததும் கழுவுங்கள். கறுக்கும் வரை காத்திருந்தால் வேலை இரட்டிப்பு. உண்மையிலேயே மழுங்கிவிட்டால், வைரத்தூள் பதித்த சக்கரம் வைத்திருக்கும் கடையில் கொடுத்துச் சாணை பிடிக்க வேண்டும். சாதாரணச் சாணைக்கல்லுக்கும் அரத்துக்கும் கார்பைடு அசைந்துகொடுக்காது. அதை வீட்டில் முயலவும் வேண்டாம். அப்போது கிளம்பும் கோபால்ட் கலந்த தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல.

கடைக்காரர் சொல்லைக் கேட்டுக் கழற்றி வைத்த முதல் இரண்டு பிளேடுகளும் எங்கே இருக்கின்றன என்று எழுதவில்லை. பழைய இரும்புக்காரர் வருவதற்குள் தேடி எடுங்கள். இரண்டையும் சோடாத் தண்ணீரில் போட்டு, நகத்தில் இழுத்துப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.